தார் பாலைவனத்தில் விவசாயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், மானாவாரிக் கரிசல்காட்டுக் குடும்பம். வேலைக்காக ஜோத்பூரில் ஒன்பது வருஷம் இருந்தேன். லீவு நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோட்டை பார்க்கப் போகாமல் காடுகரை பார்க்கப் போனவன். அங்கே விவசாயம் நடக்கிறது என்று சொன்னால் சொந்தக்காரர்களிலிருந்து கூட வேலை பார்த்தவர்கள் வரை எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வெறும் மணல்தானே, அதில் என்ன விளையும்?

கம்பு, கொத்தவரை, நரிப்பயறு, பாசிப்பயறு, எள். இவை மழைக்காலப் பயிர்கள். குளிர்காலத்தில் தண்ணீர் வசதி உள்ள இடங்களில் கடுகு, சீரகம், கொண்டைக்கடலை, கோதுமை, இசப்கோல். பட்டியலைப் பார்த்தாலே தெரியும், பாதிக்கு மேல் நம் புன்செய்க் காட்டில் இருப்பவைதான். இந்தியாவிலேயே கம்பு அதிகம் விளைவது ராஜஸ்தானில். பிக்கானேர் புஜியா சாப்பிட்டிருப்பீர்கள், அந்த மாவு நரிப்பயற்று மாவு. தார் என்றதும் நாம் நினைக்கிற ஆளில்லாத மணல்மேடு ஜெய்சல்மேருக்கு மேற்கே கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். உலகப் பாலைவனங்களிலேயே ஜனம் நெருக்கமாக வாழ்வது இங்கேதான், அத்தனை பேரும் ஏதோ ஒரு விதத்தில் நிலத்தையும் ஆடுமாடுகளையும் நம்பித்தான் இத்தனை நூற்றாண்டு இருந்திருக்கிறார்கள்.

எவ்வளவு மழை பெய்யும்?

ஜோத்பூரில் வருஷத்துக்குச் சுமார் 350 மில்லிமீட்டர். ஜெய்சல்மேரில் 200-க்குள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டி 100 வரை இறங்கும். கோவில்பட்டிப் பக்கத்தையே நாம் வறண்ட பூமி என்கிறோம், அங்கேகூட ஜோத்பூரைப்போல இரண்டு மடங்கு பெய்யும். அதுவும் தாரில் பெய்வது ஜூலை முதல் செப்டம்பர் வரைதான், பத்துப் பதினைந்து நாள் மழையில் வருஷக் கணக்கு முடிந்துவிடும். ஆனால் வெயிலும் காற்றும் இழுக்கக்கூடிய தண்ணீர் வருஷத்துக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர். 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி பதிவானது, நாட்டிலேயே அதிகம். நானும் அந்தக் கோடையை ஜோத்பூரில் கழித்தேன். மதியம் கதவுக் கைப்பிடியைத் தொட முடியாது.

பெய்த கொஞ்ச மழையையும் மணல் உறிஞ்சிவிடாதா?

எல்லோரும் தப்பாக நினைப்பது இதைத்தான், நானும் கரிசல்காட்டுக்காரன் என்பதால் அப்படியே நினைத்தேன். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மணல் விட்டுவிடும், அதனால் மணல் மோசம் என்பது நம் கணக்கு. மழை நிறைய பெய்கிற ஊருக்கு அது சரி. மழை குறைந்த ஊரில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. களிமண்ணில் 20 மில்லிமீட்டர் மழை விழுந்தால் மேல் நாலு விரல் நனைந்து அங்கேயே நின்றுவிடும், மறுநாள் வெயில் அதை எடுத்துவிடும். மணலில் அதே மழை ஒரு சொட்டுகூட ஓடாமல் உள்ளே இறங்கி, முழங்கை ஆழம் போய் உட்காரும். அப்புறம் மேல் மணல் காய்ந்து பொடியாகும்போது, அந்தக் காய்ந்த அடுக்கே கீழ் ஈரத்துக்கு மூடியாகிவிடுகிறது. மணலின் இடைவெளிகள் பெரியவை என்பதால் ஈரம் மேலே ஏறி வர வழியில்லை.

ஒசியான் பக்கம் ஒரு பெரியவர் எனக்கு இதைச் செய்து காட்டினார். மழை பெய்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது, மேலே நடந்தால் கால் சுடுகிறது. குனிந்து இரண்டு கையாலும் மணலை ஒதுக்கினார். நாலு விரல் ஆழத்தில் நிறம் மாறியது, இன்னும் கொஞ்சம் தோண்டியதும் கருத்த, சில்லென்ற மணல். ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையைத் திறந்தார், உருண்டையாக நின்றது, விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்து, “இது போதும், விதைக்கலாம்” என்றார். எங்கள் தாத்தா கட்டியை உடைத்துப் பதம் பார்ப்பது ஞாபகம் வந்தது. கருவி கிடையாது, கைதான்.

மணலுக்குக் குறையும் இருக்கிறது. மக்கிய சத்து மிகக் குறைவு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு 100 மில்லிமீட்டர் தண்ணீர்கூடச் சரியாகத் தங்காது. காற்று அடித்தால் மேல்மண் பறந்து இளம் பயிரை மூடிவிடும், இல்லையென்றால் மணல் துகளே இலையை அறுத்துவிடும். விதைத்து முளை வருவதற்குள் அடித்து ஒரு மழை பெய்தாலும் சங்கடம்: மேலே ஓடு கட்டிவிடும், கம்பு முளை அதை முட்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே சுருண்டுவிடும். அப்புறம் மறுவிதைப்புதான்.

எப்போது விதைக்கிறார்கள்? மழை தள்ளிப்போனால்?

கிட்டத்தட்ட நம் ஆடிப்பட்டம்தான்! ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள் நல்ல மழை கிடைத்தால் கம்பு. ஜூலை 20 தாண்டிவிட்டால் கம்பைக் குறைத்துக்கொண்டு கொத்தவரை, நரிப்பயறு. ஆகஸ்ட் பிறந்தும் மழை இல்லையென்றால் தானியத்தை மறந்துவிட்டுத் தீவனத்துக்கு மட்டும் எதையாவது போடுவார்கள். பழைய ஆட்கள் இன்னும் ஒன்று செய்வார்கள். கம்பு, கொத்தவரை, நரிப்பயறு, எள் எல்லா விதையையும் கலந்து ஒரே காட்டில் விதைப்பது. கூடவே மதீரா என்கிற நாட்டுத் தர்ப்பூசணி, காச்சரி என்கிற சின்ன வெள்ளரிக் கொடி. மழை ஆரம்பத்தில் நின்றால் ஒன்று பிழைக்கும், கடைசியில் நின்றால் இன்னொன்று. வேளாண் படிப்பு படித்தவர்கள் சிலர் இதை விளைச்சல் குறையும் முறை என்பார்கள். நல்ல வருஷத்தில் குறையும்தான். ஆனால் பத்து வருஷத்தில் நாலைந்து வருஷம் மோசமாகப் போகிற ஊரில், உச்ச விளைச்சலைவிட வெறுங்கையோடு வீடு திரும்பாமல் இருப்பதுதான் பெரிய காரியம். நான் அந்தப் பெரியவர்கள் பக்கம்.

அதென்ன கம்புக்கு மட்டும் அப்படி ஒரு தாங்கும் சக்தி?

முதலில் வேகம். குறுகிய வயது ரகங்கள் 65 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், மழைக்காலம் முடிவதற்குள் பயிரும் முடிகிறது. எச்எச்பி 67 என்கிற ஒட்டு ரகம் அந்தப் பக்கம் பரவியதற்குக் காரணமே இதுதான். அடிச்சாம்பல் நோய் அதைத் தாக்க ஆரம்பித்ததும், எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்து 2005-இல் மேம்படுத்திய ரகத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது, வேர் சீக்கிரம் கீழே இறங்கும், இறங்கிப்போகிற ஈரத்தைத் துரத்திக்கொண்டே போகும். மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்பு ஒரே நாளில் எல்லாத் தூரிலும் கதிர் விடாது. தாய்த்தண்டு பூக்கிற சமயத்தில் வறட்சி வந்து அது வீணானால், பின்னால் வந்த பக்கத்தூர்கள் அடுத்த மழைக்குக் கதிர் விடும். எக்டேருக்கு 4 கிலோ விதை, இடைவெளி விட்டு விதைப்பு. நெருக்கி விதைத்தால் இருக்கிற ஈரத்துக்கு அவையே அடித்துக்கொள்ளும்.

நரிப்பயறு வேறு மாதிரி. தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி படர்ந்து மணலையே மூடிவிடும். காற்று மண்ணைத் தூக்க முடியாது, வெயில் நேராகப் படாது. பயறு வராத வருஷத்தில்கூடக் கொடி ஆட்டுக்கு ஆகும்.

200 மில்லிமீட்டர் மழையில் கோதுமை விளைகிறது என்கிறார்களே, கதையா?

நிஜம். ஜெய்சல்மேரில் அதைக் காதின் என்பார்கள். 15-ஆம் நூற்றாண்டிலிருந்து பாலிவால் பிராமணர்கள் செய்த ஏற்பாடு. சுற்றிலும் கல்லும் பாறையுமாக இருக்கிற மேட்டில் விழுகிற மழை சரிந்து பள்ளத்துக்கு வரும். பள்ளத்தின் கீழ்ப்பக்கம் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை போட்டுவிடுவார்கள், அதிகமானால் வழிய ஒரு கலிங்கும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மடங்கு பரப்பில் விழுந்த மழை ஒரு மடங்கு வயலில் வந்து நிற்கிறது, அப்படியானால் 200 மில்லிமீட்டர் ஊரில் அந்த வயலுக்கு மட்டும் கிடைப்பது எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நம் கண்மாய் மாதிரிதான் இருக்கும், ஆனால் கண்மாயில் தண்ணீரைத் தேக்கி வெளியே வயலுக்கு விடுவோம். இங்கே கண்மாயின் வயிறே வயல். அக்டோபர், நவம்பர் வரை தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும், மிச்சம் நின்றால் மதகைத் திறந்துவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அறுவடை மார்ச்சில். நடுவில் ஒரு பாசனம் கிடையாது, உரமும் அநேகமாகக் கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு மழையும் மேட்டிலிருந்து வண்டலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கிறது.

குல்தராவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஆளில்லாமல் போன அந்தப் பாலிவால் கிராமத்தின் பேய்க் கதையைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஜனங்கள் போட்ட கரைகள் ஜெய்சல்மேரைச் சுற்றி இன்றும் பயிர் கொடுத்துக்கொண்டிருப்பதை யாராவது அவர்களுக்குக் காட்டினால் தேவலை.

குடிக்கத் தண்ணீர்?

டாங்கா. தரைக்குக் கீழே வட்டமாகக் கட்டிய தொட்டி, சுற்றிலும் சரிவாக மெழுகிய முற்றம், மழை அதில் வழிந்து உள்ளே போகும். 20,000 லிட்டர் சொச்சம் பிடிக்கிற டாங்கா ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு வருஷம் முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் காணும். சில இடங்களில் அதே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி நாலு இலந்தை, நாலு நறுவிளி மரத்தை ஆளாக்கிவிடுகிறார்கள்.

வயலுக்கு நடுவில் மரங்களை விட்டு வைத்திருக்கிறார்களே, நிழல் அடித்துப் பயிர் கெடாதா?

அது கேஜ்ரி. நம் வன்னி மரம்தான், விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதேதான். நாம் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம், அவர்கள் வயலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆணிவேர் ரொம்ப ஆழம் போவதால் மேல் ஈரத்துக்குக் கம்போடு போட்டி போடாது. இலை சின்னது, நிழல் சல்லடை நிழல். பயறு வகைக் குடும்பம் என்பதால் வேரில் தழைச்சத்து சேரும், இலை உதிர்ந்து மக்கும், நிழலுக்கு வந்து படுக்கிற ஆடுமாடு போடுகிற எருவும் அங்கேயே. ஆகஸ்டில் போய்ப் பாருங்கள், மரத்தடியில் நிற்கிற கம்பு மற்றதைவிடக் கரும்பச்சையாக, ஒரு சாண் உயரமாக நிற்கும். குளிர்காலத்தில் கிளையைக் கழித்துத் தழையைக் காயவைத்து ஆட்டுக்குச் சேமிப்பார்கள், அந்தக் காய்ந்த தழைக்கு லூங் என்று பெயர். பிஞ்சுக்காய் சாங்க்ரி, அதையும் கேர் என்கிற புதர்ச்செடிக் காயையும் சேர்த்துச் செய்கிற பொரியல் இன்றைக்கு ஊர்க் கல்யாணத்திலும் உண்டு, நட்சத்திர ஓட்டலிலும் உண்டு. கிலோ விலை கேட்டால் அசந்துவிடுவீர்கள்.

1730-இல் ஜோத்பூர் ராஜாவின் ஆட்கள் கேஜர்லி கிராமத்துக்கு இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் பிஷ்னோய் மக்கள் ஒவ்வொருவராக வந்து, மொத்தம் 363 பேர். அந்த ஊருக்குப் போய் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இன்றைக்கு மரத்துக்கு வேறு ஆபத்து. டிராக்டர் கலப்பை கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறது, பூஞ்சாணமும் வேர்த்துளைப்பானும் பெரிய மரங்களைச் சாய்க்கின்றன. சூரிய மின் பண்ணைகளுக்காக மரம் வெட்டுவதை எதிர்த்துப் பிக்கானேர் பக்கம் ஜனங்கள் போராடுகிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘தரிசு’ என்று எழுதிவிடுகிறார்களே, அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது ஆட்டுக்கு மேய்ச்சல், ஊருக்குக் காய், வயலுக்கு எரு.

வன்னியும் சீமைக்கருவேலமும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு மரம். சீமைக்கருவேலம் வெளியிலிருந்து வந்தது, அங்கேயும் அதைச் சீமைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அங்கேயும் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றை அழிக்கிறேன் என்று மற்றதை வெட்டிவிடாதீர்கள்.

இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகு பாலைவனமே பச்சையாகிவிட்டது என்கிறார்களே?

ஒரு பகுதி ஆகியிருக்கிறது, மறுக்க முடியாது. 1958-இல் தொடங்கிய வேலை. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேர்கிற ஹரிகே அணையிலிருந்து 204 கிலோமீட்டர் ஊட்டுக்கால்வாய், அதற்குப் பின் 445 கிலோமீட்டர் பிரதானக் கால்வாய், ஜெய்சல்மேரில் மோகன்கர் வரை. இதற்கு முன்பே 1927-இல் பிக்கானேர் மகாராஜா கங்கா சிங் வெட்டிய கங் கால்வாய்தான் ஸ்ரீகங்காநகரை உண்டாக்கியது. கோதுமை, பருத்தி, கடுகு, நிலக்கடலை என்று ஏக்கர் ஏக்கராக நிற்கிறது, குடிதண்ணீர் பல ஊர்களுக்கு அதிலிருந்துதான்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம், சுண்ணாம்பு என்று கெட்டிப் படிவம் இருக்கிறது. மேலே தண்ணீரைக் கொட்டினால் கீழே இறங்க வழியில்லாமல் நிலத்தடி மட்டம் ஏறி ஏறி, ஒரு நாள் வயலே சதுப்பாகிவிடுகிறது. அவர்கள் அதைச் ‘சேம்’ என்பார்கள். ஹனுமான்கர் பக்கம் நானே பார்த்தேன், பாலைவனத்தில் கோரைப்புல் நிற்கிறது, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு, பாதி மூழ்கிய வீட்டுச் சுவர். தண்ணீர் வராமல் கெட்ட ஊர் பார்த்திருக்கிறேன், தண்ணீர் வந்து கெட்ட ஊரை அங்கேதான் பார்த்தேன். கால்வாயின் வால் பகுதியிலோ முறைத்தண்ணீர் வருமா வராதா என்று காத்துக் கிடக்கிறார்கள். அதனால்தான் இப்போது நிறையப் பேர் டிக்கி என்கிற குட்டையை வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, முறை வரும்போது நிரப்பிக்கொண்டு தெளிப்புநீரில் பாய்ச்சுகிறார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போர்வெல்?

நிறைய இருக்கிறது, நிறைய வற்றிவிட்டது. மிச்சத்தில் பாதி உப்புத் தண்ணீர். உப்பைத் தாங்குகிற கார்ச்சியா கோதுமை பாலி மாவட்டத்து நாட்டு ரகம், உலகத்தில் உப்பு தாங்கும் கோதுமை ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலரும் அதைத்தான் எடுத்துக் கலப்பு செய்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த நிலத்தடி நீரை முப்பது நாற்பது வருஷத்தில் இறைத்துவிட்டு அதைப் பசுமை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணப்பயிர் ஏதாவது?

சீரகம் பெரிய பயிர். தண்ணீர் குறைவாகக் கேட்கும், விலை கிடைத்தால் கல்யாணமே நடத்திவிடலாம். பிப்ரவரியில் இரண்டு நாள் மேகம் கட்டி ஒரு தூறல் விழுந்தால் கருகல் நோய் வந்து மொத்தமும் போய்விடும். பார்மரில் மாதுளை வேகமாகப் பரவியிருக்கிறது. பேரீச்சைக்குத் திசு வளர்ப்புக் கன்றுகளை வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தார்கள். வெயில் அதற்குப் பிரமாதம், ஆனால் பழம் கனிகிற நேரத்தில் ஜூலை மழை வந்துவிடும், அதனால் செங்காயிலேயே குலையை வெட்டிவிடுகிறார்கள். பர்ஹீ ரகம் செங்காயிலேயே இனிக்கும், ஆகவே அதுதான் அதிகம். ஆண் மரத்துப் பூவை எடுத்துப் பெண் பாளைக்குள் கையாலேயே வைத்துக் கட்டுவார்கள்.

கொத்தவரைக் கதை தனி. விதையிலிருந்து எடுக்கிற பிசின் அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கத் தேவைப்பட்டது. 2012-இல் குவிண்டால் விலை 30,000 ரூபாய் வரை ஏறி, அந்த மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் விலை விழுந்தது. உச்சத்தில் விதை வாங்கிப் போட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வெட்டுக்கிளி வந்ததே?

2019 மே மாதத்தில் ஆரம்பித்து 2020 வரை. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடிக்கு மேல் இருக்கும், ஒரே நாளில் 150 கிலோமீட்டர் பறக்கும். ஈர மணலில்தான் முட்டையிடும் என்பதால், நல்ல மழை வருஷமே அதற்கும் நல்ல வருஷம். ராத்திரி மரத்தில் அடையும், விடியற்காலை குளிரில் பறக்க முடியாமல் இருக்கும்போதுதான் மருந்தடிப்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஜாலோர், பார்மர் பக்கம் சீரகமும் கடுகும் போன குடும்பங்கள் நிறைய.

பயிர் மொத்தமும் போனால் என்ன செய்வார்கள்?

ஆடுமாடு. அங்கே ஆடுமாடுதான் முதல், பயிர் அதற்குப் பிறகு என்றுகூடச் சொல்லலாம். சேவண் புல் ஒரு தடவை வேர் பிடித்தால் பல வருஷம் நிற்கும், தார்ப்பார்க்கர் மாடு அதை மேய்ந்தே பால் கொடுக்கும். ஊருக்கு ஊர் ஓரன் என்று சாமிக்கு விட்ட காடு உண்டு, கோடரி படாது, மேய்ச்சல் மட்டும். ராய்க்கா மக்கள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு பிற மாவட்டங்களுக்குப் போய், வழியில் வயல்காரர் காட்டில் கிடை போட்டுத் தானியமோ பணமோ வாங்கிக்கொள்வார்கள். ராமநாதபுரம் கீதாரிகள் செய்வது அப்படியே. பஞ்சத்தையே அவர்கள் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்: தானியம் இல்லாதது, தண்ணீர் இல்லாதது, தீவனம் இல்லாதது, மூன்றும் இல்லாதது திரிகால். 1899-1900 பஞ்சம் விக்ரம சகாப்தம் 1956-இல் வந்ததால் ‘சப்பனியா’, ஐம்பத்தாறாம் வருஷத்துப் பஞ்சம், என்று இன்றும் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நம் ஊரில் செய்யலாமா?

அப்படியே தூக்கிவர முடியாது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில், மண்ணும் வேறு. ஆனால் ஒட்டுக்கட்டிய இலந்தை, வரப்பில் வன்னி, கலப்பு விதைப்பு இவற்றுக்குத் தடையில்லை. ஜோத்பூரில் 1959 முதல் இருக்கிற காஸ்ரி என்கிற மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில் இலந்தை ஒட்டு, மணல்மேட்டைக் கட்டுப்படுத்துவது எல்லாம் நேரில் பார்க்கலாம்.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

இரண்டு தடவை போங்கள். ஆகஸ்ட் கடைசியில் கம்பு கதிர் விடும்போது ஒரு தடவை, டிசம்பரில் காதினில் கோதுமை முளைத்திருக்கும்போது ஒரு தடவை. ஒட்டகச் சவாரிக்காரரிடம் கேட்காதீர்கள், ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து “இந்த வருஷம் ஜமானா எப்படி?” என்று கேளுங்கள். ஜமானா என்றால் விளைச்சல் நல்லபடியாக அமைந்த வருஷம். அந்த ஒரு வார்த்தை போதும், யாராவது ஒருவர் டீயை வைத்துவிட்டு எழுந்து தன் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார், குனிந்து மணலைத் தோண்டி ஈரம் காட்டுவார்.